அடித்தவனே எடுக்க வேண்டும்

கோலா சிலாங்கூர் காற்பந்துக் குழுவின் பயிற்றுநர் திவாகரன், மழையே இல்லாத நாளிலும் குடையோடுதான் திடலுக்கு வருவார். அந்தக் குடையை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. ஆட்டக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்ட அது பயன்பட்டது. கோபம் எல்லை மீறும்போது அதைப் புல்லில் குத்தி நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொள்வார். அன்று காலைப் பயிற்சியில் குடை மீண்டும் மீண்டும் புல்லில் குத்தி நின்றது.

“வெளிய அடிடா! வெளிய அடின்னு எத்தன வாட்டி சொல்றது ஒனக்கு?”

திட்டு வாங்கியவன் ட்ரெவர். இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன், இருபது வயது. சற்று முன் பந்து அவன் காலடியில் இருந்தது. எதிரில் இருவர் நெருக்கினார்கள். பக்கக்கோடு ஓரடி தூரத்தில்தான் இருந்தது. உலகின் எந்தத் தற்காப்பு ஆட்டக்காரனும் அந்த நிலையில் பந்தை ஓங்கி உதைத்து வெளியே தள்ளிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்வான். ட்ரெவர் அப்படிச் செய்யவில்லை. திரும்பினான், நெளிந்தான், ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனிடம் பந்தைப் பறிகொடுத்தான். அடுத்த கணம் பந்து வலைக்குள் கிடந்தது.

வலையிலிருந்து பந்தைப் பொறுக்கியெடுத்த கோல்காவலர் லுக்மான், அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தான்.

“டேய் ட்ரெவர், அந்தக் கோட்டுக்கு அந்தாண்ட என்னாதான்டா இருக்கு? மொதலையா?”

“இல்லண்ணே.”

“பின்ன ஏன்டா பந்த அங்க அனுப்ப மாட்றே? அது ஒன் தங்கச்சியா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். திவாகரன் சிரிக்கவில்லை. குடையைப் பிடுங்கிக்கொண்டு அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினார். அவர் கத்துவதைவிட இதுவே ஆட்டக்காரர்களுக்கு அதிக அச்சம் தரும்.

“ட்ரெவர், ஓட்டம் நல்லா இருக்கு. கால் நல்லா இருக்கு. ஆனா பந்த வெளிய அடிக்காத டிஃபெண்டர என்னால வச்சிக்க முடியாது. மொத சுத்து முடியட்டும். அதுக்குள்ள நீ கத்துக்கலன்னா கிள்ளான்லேருந்து ஒரு பையன் வர்றான். புரியுதா?”

புரிந்தது. ட்ரெவரின் ஒப்பந்தம் லீக்கின் முதல் சுற்று முடியும்வரைதான். அவனுடைய இடத்தில் வழக்கமாக ஆடுபவர் திலீப். திலீப்புக்கு மாற்றாக ஒருவர் மட்டுமே இரண்டாம் சுற்றுக்குத் தக்கவைக்கப்படுவார். அந்த ஒருவர் அவனாக இல்லையென்றால், ட்ரெவர் தன் ஊரான கேரித் தீவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் அவனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அது இழிவான வேலையல்ல. அவனுடைய சித்தப்பாக்கள் செய்துவரும் வேலைதான். ஆனால் காற்பந்து ஆடிச் சம்பளம் வாங்குவது என்ற ஆசை, தோட்டங்களுக்கிடையிலான போட்டி ஒன்றில் இந்தக் குழுவின் கண்ணில் பட்ட நாளிலிருந்து, அவனுக்குள் ஆசை என்ற நிலையைக் கடந்து பசியைப் போலாகிவிட்டிருந்தது. அவன் பெயர் பொறித்த சட்டை வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய அம்மா மாடில்டா அதை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவே மறுத்துவிட்டார்.

*

கோலா சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ஜெய்னுலாப்தீனின் உணவகத்தின் மாடியில் ட்ரெவர் தங்கியிருந்தான். ஜெய்னுலாப்தீன் லுக்மானின் வாப்பா. அவருடைய தகப்பனார் தொண்டியிலிருந்து கப்பலேறி வந்து தொடங்கிய கடை அது. குழுவின் எந்த ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. எனினும், காற்பந்தின் எல்லாத் தோல்விகளுக்கும் காரணம் ஆட்டுக்கால் சூப்பு போதாமைதான் என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து.

அன்று மதியம் சோற்றுத் தட்டின் முன் ட்ரெவர் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தான்.

“குடிங்க தம்பி,” என்று சூப்புக் கிண்ணத்தை நகர்த்தினார் ஜெய்னுலாப்தீன். “கால்ல பலம் இல்ல. அதான் பந்து வெளிய போவ மாட்டுது.”

“பலமெல்லாம் இருக்கு வாப்பா,” என்றான் லுக்மான். “இவனுக்கு மனசு வர மாட்டுது. என்னாடா, எங்ககிட்டயாச்சும் சொல்லேன்.”

ட்ரெவர் சிறிது நேரம் சோற்றைப் பிசைந்தான். பிறகு சொன்னான்.

கேரித் தீவில் அவர்களுடைய லயத்து வீடுகளுக்குப் பின்னால்தான் திடல். அதன் ஒரு பக்கம் செம்பனை மரங்கள். மறுபக்கம் வாய்க்கால். தீவின் நிலம் கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதால், சுற்றிலும் மண்கரை எழுப்பி, வாய்க்கால்களின் முடிவில் மதகு வைத்திருக்கிறார்கள். ‘வாட்டர் கேட்டு’ என்பது அதற்குத் தோட்டத்துப் பெயர். கடல் வற்றும்போது மதகைத் திறந்தால், தோட்டத்து நீரெல்லாம் வாய்க்கால் வழியே கடலுக்கு ஓடும். கடலுக்கு ஓடும் நீர் பந்தை விட்டுவைக்குமா?

“எங்களுக்கு ஒரே ஒரு பந்துதாண்ணே. வாய்க்கால்ல விழுந்துச்சுன்னா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சிச்சு. அதனால ஒரு சட்டம் வச்சிருந்தோம். அடிச்சவந்தான் எடுக்கணும். விழுந்த ஒடனே ஓடணும். கேட்டுக்குப் போறதுக்குள்ள பிடிக்கணும்.”

“பிடிக்கலன்னா?” என்று கேட்டாள் அஃப்சானா. அவள் லுக்மானின் தங்கை. கல்லாவில் உட்கார்ந்தபடியே குழுவின் சமூக ஊடகப் பக்கத்தையும் பார்த்துக்கொள்பவள்.

“அடுத்த பந்து கெடைக்கிற வரைக்கும் அவன்தான் எல்லாருக்கும் எதிரி.”

“அடிச்சவன் கால்ல அடிபட்டு உக்காந்துட்டா?”

“அவங்க வீட்டுக்காரங்க போய் எடுக்கணும். எங்கம்மாவே ஒரு வாட்டி, குலை வெட்டுற நீட்டுக் கம்ப எடுத்துக்கிட்டு, பைபிள் கிளாஸ்லேருந்து எறங்கி ஓடியாந்தாங்க.”

ஜெய்னுலாப்தீன் வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்ப நீ டிஃபெண்டர் இல்ல தம்பி. பந்துக்குக் காவக்காரன்!”

லுக்மானுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக அவன் நினைத்தான். மறுநாள் விடிந்ததும் ட்ரெவரைத் திடலுக்கு இழுத்துச் சென்றான். இருவருக்கும் நடுவே ஒரே பந்து. லுக்மான் நெருக்குவான், ட்ரெவர் பந்தை வெளியே அடிக்க வேண்டும். முதலில் ட்ரெவரின் கால் பந்தருகே வரை போய்த் தயங்கியது. பிறகு பயந்து பயந்து உதைத்தது. வாரக் கடைசியில் பந்து வேலியைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பழக்கடையின் தகரக் கூரையில் இடிபோல விழுந்தது.

“அதான்டா! அப்படித்தான்!” என்று லுக்மான் துள்ளினான்.

ஒவ்வொரு முறையும், அடித்த வேகத்திலேயே ட்ரெவர் ஓடிப் போய்ப் பந்தை எடுத்து வந்தான். மூத்த ஆட்டக்காரரான தன்னை அலையவிடக் கூடாது என்ற மரியாதை அது என்று லுக்மான் எடுத்துக்கொண்டான். பண்புள்ள பையன் என்று வீட்டிலும் பாராட்டினான். அந்த மரியாதையை அவன் கொஞ்சம் சந்தேகித்திருக்கலாம்.

*

முதல் சுற்றில் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. செரண்டா அணிக்கு எதிரான ஆட்டம் சொந்தத் திடலில் நடந்தது. இடைவேளைக்குப் பிறகு கோலா சிலாங்கூர் ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, திலீப் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திவாகரன் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கைகள் பக்கம் திரும்பினார். குடையின் முனை ட்ரெவரை நோக்கி நீண்டது.

“போ. ஒண்ணும் பண்ண வேணாம். வந்தா, வெளிய அடி. அவ்வளவுதான்.”

தொழில்முறை ஆட்டக்காரனாக ட்ரெவர் முதன்முறை கோட்டைத் தாண்டித் திடலுக்குள் கால் வைத்தான். பார்வையாளர் மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஜெய்னுலாப்தீனின் குரல் தனியாகக் கேட்டது: “காவக்காரன் வந்துட்டான்!”

சிறிது நேரத்தில் அந்தப் பந்து வந்தது. செரண்டாவின் வேகமான வலப்பக்க ஆட்டக்காரன் பாய்ந்து வந்தான். கோடு ஓரடி தூரம். ட்ரெவர் தயங்கவில்லை. ஓங்கி உதைத்தான். பந்து விளம்பரப் பலகைகளைத் தாண்டி, மரத்தடியில் நின்ற மோட்டார் சைக்கிள்களைத் தாண்டி, திடலுக்கு வெளியே ஓடும் பெரிய சாக்கடையில் போய் விழுந்தது. மேடை ஆர்ப்பரித்தது. திவாகரன்கூடக் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தலையசைத்தார்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ளக் கூட்டத்துக்குச் சில கணங்கள் தேவைப்பட்டன. ட்ரெவர் விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்தான். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து ஓடினான். சாக்கடைக்குள் இறங்கினான்.

“டேய்! எங்கடா போற?” என்று கோலிலிருந்து லுக்மான் அலறினான். “டேய், வேற பந்து இருக்குடா!”

இருந்தது. இந்த லீக்கில் கோட்டுக்கு வெளியே வரிசையாகக் கூம்புகளை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பந்தை வைத்திருப்பார்கள். செரண்டா ஆட்டக்காரன் அருகிலிருந்த கூம்பிலிருந்து ஒரு பந்தை எடுத்து, நிதானமாக உள்ளே எறிந்தான். ட்ரெவர் நிற்க வேண்டிய இடம் காலியாக, பச்சையாக, விசாலமாக இருந்தது. அந்த வழியே போன பந்து கோலாக முடிந்தது.

ட்ரெவர் முழங்கால்வரை சேறோடு, பந்தை மார்பில் அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, எதிரணி கொண்டாடிக்கொண்டிருந்தது. நடுவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அனுமதியில்லாமல் திடலைவிட்டு வெளியேறியதற்காக மஞ்சள் அட்டையைக் காட்டினார். காட்டும்போது அவருடைய உதடுகள் துடித்தன. சிரிப்பை அடக்குவது நடுவரின் கடமைகளில் கடினமானது.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. உடைமாற்றும் அறையில் எல்லோரும் திவாகரனின் வாயையே பார்த்தார்கள். அவர் குடை முனையிலிருந்த மண்ணைச் சுரண்டினார். கடைசியில் சொன்னார்:

“வெளிய அடிக்கத்தான் சொன்னேன். வெளிய போகச் சொல்லல.”

*

அந்தக் காட்சியை அஃப்சானாவும் கைப்பேசியில் பிடித்திருந்தாள். குழுவின் பக்கத்தில் அவள் அதை ஏற்றவில்லை. ஆனால் மேடையில் கைப்பேசி வைத்திருந்தவள் அவள் ஒருத்தியா என்ன? மறுநாள் காலையில் ரோட்டி சானாய் சாப்பிட வந்தவர்கள் எல்லோருடைய கையிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதற்குக் கல்யாண மேளம் சேர்த்திருந்தார்கள். ‘இவ்வளவு பொறுப்பான ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘எங்கள் வீட்டுச் சாக்கடையும் அடைத்திருக்கிறது, தம்பி எப்போது வருவார்’ என்று இன்னொருவர் கேட்டிருந்தார்.

ட்ரெவரின் கைப்பேசி ஒலித்தது. அவனுடைய அப்பா அந்தோணிதாஸ். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், தேவையில்லாமல் பேசாதவர்.

“வீடியோ பாத்தேன்,” என்றார்.

“ம்.”

“பந்து கெடச்சிச்சா?”

“கெடச்சிச்சுப்பா.”

“அப்புறம் என்னா? விடு.” தொடர்ந்து, “அடுத்த ஆட்டத்துக்கு நாங்க எல்லாரும் வர்றோம்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ட்ரெவர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். திலீப்பின் கால் தேறவில்லை; ஆகவே கடைசி ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே அவன்தான் ஆட வேண்டும். அதே நாளில் கிள்ளான் பையன் மேடையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பான் என்பதையும் திவாகரன் மறைக்கவில்லை.

“நான் வேணும்னு ஓடலண்ணே,” என்றான் லுக்மானிடம். “பந்து விழுந்தா காலு தானா போவுது. என்னக் கேக்கறதில்ல.”

“கயிறு கட்டிடலாமா?” என்றார் ஜெய்னுலாப்தீன். “ஆட்ட கட்டுற மாதிரி.”

“சும்மா இருங்க வாப்பா.” அஃப்சானா கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். “ட்ரெவர், ஒண்ணு கேக்கறேன். அங்க எப்பவுமே, எல்லா வாட்டியும் ஓடுவீங்களா? கடல் ஏறி இருக்கறப்பவும்?”

“அப்ப எதுக்கு ஓடணும்? கடல் ஏறுனா கேட்ட மூடிடுவாங்க. தண்ணி அசையாது. பந்து அங்கயே மெதக்கும். ஆட்டம் நின்னப்புறம் மெதுவா எடுத்துக்கலாம்.”

“மூடிட்டாங்கன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கரை மேல சைக்கிள்ல போறவங்க கத்துவாங்க. ‘கேட்டு மூடியாச்சு’ன்னு. அதக் கேட்டாதான் எங்களுக்கு நிம்மதி. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் வெளிய அடிப்போம்.”

அஃப்சானா தன் அண்ணனைப் பார்த்தாள். லுக்மான் வாயிலிருந்த ரோட்டியை விழுங்க மறந்து அவளைப் பார்த்தான். அவன் கோல்காவலர். ஆட்டம் முழுவதும் பின்னாலிருந்து கத்துவதே அவன் தொழிலில் பாதி.

அன்று மாலையே திடலுக்குப் போனார்கள். ட்ரெவர் பந்தை வெளியே அடித்தான். அவன் தோள் முன்னே சாய்ந்தது, குதிகால் எழும்பியது.

“கேட்டு மூடியாச்சு!” என்று லுக்மான் தொண்டை கிழியக் கத்தினான்.

ட்ரெவர் நின்றான். தானே வியந்து, தன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவை புல்லில் அமைதியாக ஊன்றியிருந்தன.

*

கடைசி ஆட்டம் தஞ்சோங் காராங் அணியோடு. கேரித் தீவிலிருந்து வாடகைப் பேருந்து ஒன்று, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தது. அந்தோணிதாஸ் சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை அணிந்து, மேடையின் ஓரத்தில், பக்கக்கோட்டுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். மாடில்டா அவருக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடும் கச்சான் கடலைப் பொட்டலத்தோடும் இருந்தார். எதை எப்போது கையில் எடுப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

தஞ்சோங் காராங் அணியினரும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் எல்லாப் பந்துகளையும் ட்ரெவரின் பக்கமே அனுப்பினார்கள்.

“தம்பி, வெளிய அடி! சாக்கட தண்ணி ஜில்லுன்னு இருக்கு!” என்றான் எதிரணியின் வலப்பக்க ஆட்டக்காரன்.

ட்ரெவர் அடித்தான். பந்து பறந்தது. மேடை மூச்சைப் பிடித்துக்கொண்டது. பலர் கைப்பேசியைத் தூக்கிவிட்டார்கள்.

“கேட்டு மூடியாச்சு!” என்றது கோலிலிருந்து ஒரு குரல்.

ட்ரெவர் திரும்பித் தன் இடத்துக்கு ஓடினான். உள்ளே எறியப்பட்ட பந்தைத் தலையால் முட்டித் தள்ளினான். எதிராளி திகைத்தான். “எந்தக் கேட்டுடா? இங்க எங்க கேட்டு இருக்கு?”

மேடையில் கேரித் தீவுக்காரர்களுக்கு மட்டும் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்தது. அவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். அடுத்த முறை ட்ரெவர் வெளியே அடித்தபோது அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அதற்கடுத்த முறை, காரணம் தெரியாமலேயே, முழு மேடையும் கத்தியது. இடைவேளைக்கு முன் குழுவுக்கு அதுவே பாட்டாகிவிட்டது. திவாகரன் பக்கத்திலிருந்த உதவியாளரிடம், “என்னாய்யா மூடியாச்சு?” என்று கேட்டார். உதவியாளருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் ஆளுக்கொரு கோல். நேரம் கரைந்துகொண்டிருந்தது. கோலா சிலாங்கூருக்கு வெற்றி தேவை. ட்ரெவருக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. வெளியே அடிக்கக் கற்றுக்கொண்டான் என்பது மட்டும் கிள்ளான் பையனை வீட்டுக்கு அனுப்பப் போதாது. அதை எல்லோரும் செய்வார்கள்.

அப்போது நடுத்திடலிலிருந்து ஒரு மோசமான பந்து வந்தது. மத்திய தாக்குதல் ஆட்டக்காரனான ஆன்ட்ரூவை நோக்கி அனுப்பப்பட்டது, யாருக்கும் எட்டாமல் எதிரணியின் வலப்பக்க மூலையை நோக்கி உருண்டது. அது வெளியே போகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரன் கையை உயர்த்தி, போகட்டும் என்று ஒதுங்கினான். ஆன்ட்ரூ நின்றுவிட்டான். கோடு காப்பவர் கொடியைப் பாதி தூக்கிவிட்டார்.

ட்ரெவர் பாதித் திடலுக்கு அப்பால் இருந்தான். லுக்மான் கோலைவிட்டு முன்னால் ஓடிவந்து, கைகளை வாயருகே குவித்தான்.

“ட்ரெவர்! கேட்டு தொறந்திருக்குடா!”

பிறகு பலரும் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அது ஒரு ஆட்டக்காரன் பந்தைத் துரத்திய ஓட்டமாகவே தெரியவில்லை என்றார்கள். இருந்த ஒரே பந்து கடலுக்குப் போகப் போகிறது. போனால் நாளைக்கு ஆட்டமில்லை, நாளை மறுநாளும் இல்லை. அதற்கு அவன் ஒருவனே பொறுப்பு. ட்ரெவர் அப்படித்தான் ஓடினான். பந்து கோட்டைத் தொட்டு உருளும் கணத்தில் புல்லில் சறுக்கி, இடக்காலால் அதைக் கொக்கி போட்டு உள்ளே இழுத்தான். பாதி உயர்ந்த கொடி தாழ்ந்தது. ஒதுங்கி நின்ற தற்காப்பு ஆட்டக்காரன் திரும்புவதற்குள் ட்ரெவர் எழுந்து பந்தைக் கோல்முன் உயர்த்தி அனுப்பிவிட்டான். ஆன்ட்ரூ தலையை நீட்டினான். அதைத் தவிர அவன் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

மேடை அதிர்ந்தது. மாடில்டாவின் கச்சான் நான்கு வரிசைகளுக்குச் சிதறியது.

ஆனால் ஆட்டம் முடியவில்லை. கூடுதல் நேரத்தில் தஞ்சோங் காராங் மொத்த அணியோடும் ஏறி வந்தது. லுக்மான் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டினான். தட்டிய வேகத்தில் கம்பத்தில் தோள் இடித்து, மூச்சடைத்து மண்ணில் கிடந்தான்; நெரிசலில் நடுவர் அதைக் கவனிக்கவில்லை. தட்டப்பட்ட பந்து ட்ரெவரின் முன் விழுந்தது. மூவர் பாய்ந்தார்கள். கோல் காலியாக இருந்தது. ட்ரெவர் தன் வாழ்நாளில் அடித்ததிலேயே வலுவான அடியை அடித்தான். பந்து பலகைகளையும் மோட்டார் சைக்கிள்களையும் தாண்டிச் சாக்கடையில் விழுந்து, நீரோட்டத்தில் சுழன்று நகரத் தொடங்கியது.

யாரும் கத்தவில்லை. கத்த வேண்டியவன் தரையில் கிடந்தான். மேடையோ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

ட்ரெவரின் தோள் முன்னே சாய்ந்தது. குதிகால் எழும்பியது. பந்து போய்க்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் திரும்பிக் காலியாக இருந்த கோலைப் பார்த்தான். பிறகு, சேற்றிலிருந்து பிடுங்குவதுபோலக் காலைப் பிடுங்கி, கோல்கோட்டுக்கு ஓடி, லுக்மானுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான். உள்ளே எறியப்பட்ட பந்து, தாவி வந்த ஓர் உதையில் நேரே அவன் வயிற்றில் மோதித் திரும்பியது. நடுவரின் நீண்ட விசில் ஒலித்தது.

வெற்றிக் கூச்சலுக்கு நடுவில்தான் திவாகரன் அதைக் கவனித்தார். மேடையின் ஓரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைக் காணவில்லை. அவரோடு வந்த ஆண்கள் சிலரையும் காணவில்லை. திடலுக்கு வெளியே சாக்கடைப் பக்கம் கலகலப்பாக இருந்தது. திவாகரன் குடையோடு அங்கே நடந்தார்.

சர்ச்சுச் சட்டை அணிந்த ஒருவர் இடுப்புவரை சாக்கடையில் நின்றுகொண்டிருந்தார். கரையில் கோரைப்புல்லின் மேல் நான்கு பந்துகள் இருந்தன. ஒன்று இப்போது விழுந்தது. மற்றவை இந்தப் பருவத்தின் பல ஆட்டங்களில் தொலைந்து, சாக்கடையின் கம்பித் தடுப்பருகே புல்லில் சிக்கிக் கிடந்தவை.

“யார் நீங்க?” என்றார் திவாகரன்.

“அடிச்சவனோட அப்பா.”

“வேற பந்துதான் இருந்திச்சே. இத யாரு கேட்டா?”

“அவனால வர முடியல,” என்றார் அந்தோணிதாஸ். அதுவே முழு விளக்கம் என்பதுபோலத் தொடர்ந்தார்: “வேலையில இருந்தான். வீட்டுக்காரங்கதான எடுக்கணும்?”

திவாகரன் அவரையும் பந்துகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடையின் வளைந்த கைப்பிடியை அவரிடம் நீட்டி, இழுத்து மேலே ஏற்றினார். சேறு அவருடைய கால்சட்டையிலும் தெறித்தது.

அதற்குள் ட்ரெவர் ஓடிவந்திருந்தான். பின்னால் தோளைத் தேய்த்துக்கொண்டு லுக்மானும், மூச்சிரைக்க ஜெய்னுலாப்தீனும்.  கிள்ளான் பையன் எங்கே என்று ட்ரெவரின் கண்கள் தேடின.

“அவன் பஸ்ஸுக்குப் போய்ட்டான்,” என்றார் திவாகரன். “நான்தான் போகச் சொன்னேன். ரெண்டாஞ் சுத்துக்கு நீ இருக்கே. நாளைக்கு ஆபிஸ்ல வந்து கையெழுத்துப் போடு.”

ட்ரெவர் கரையிலிருந்த பந்தொன்றை எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டான். ஜெய்னுலாப்தீன் அவனுக்காகவும் சேர்த்துப் பேசினார்: “நான் அப்பவே சொன்னேன்ல? எல்லாம் சூப்பு!”

“ஒண்ணே ஒண்ணு, அண்ணே,” என்று திவாகரன் அந்தோணிதாஸின் பக்கம் திரும்பினார். “அடுத்த ஆட்டம் செரண்டாவுல. அங்க திடலுக்குப் பக்கத்துல ரயில் தண்டவாளம் இருக்கு. பந்து அங்க போனா எறங்காதீங்க.”

அந்தோணிதாஸ் சட்டையின் நுனியைப் பிழிந்தபடி யோசித்தார்.

“கேட்டு மூடியிருந்தா எறங்க மாட்டேன்,” என்றார்.